அளக்க அளக்கக் குறைந்த ஊர்

பூரணவல்லி தன் நில அளவை நிறுவனத்துக்கான திட்ட அறிக்கையை எழுதத் தொடங்கிய அதே வாரத்தில்தான் கூத்தன்வயலில் நிலம் குறையத் தொடங்கியது. அதை முதலில் கண்டவர் சேதுராக்கு. கண்டதும் அவர் செய்தது, அந்த ஊரில் பிறந்த எவரும் செய்திருக்கக்கூடிய ஒன்றைத்தான்: இன்னொரு முறை அளக்கச் சொன்னார்.

சேதுராக்குவும் அவருடைய தம்பி மலையரசனும் தகப்பன் விட்டுப்போன மேற்கு வயலைப் பாகம் பிரித்துக்கொண்டு, எல்லைக்கல் ஊன்றுவதற்காகப் பூரணவல்லியை அழைத்திருந்தார்கள். அவள் நெடுஞ்சாலைப் பணியில் ஒன்பது ஆண்டுகள் வெயிலில் நின்று கருவி பிடித்தவள். உரிமம் பெற்ற அளவர். அவள் இழுத்துப் பிடித்த நாடாவில் எறும்பு ஏறினாலும் தொய்வு தெரியும் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அன்று அவள் மீட்டரில் அளந்து, ஊராருக்குப் புரியட்டும் என்று முழக்கணக்கில் சொன்னபோது, அண்ணன் பங்கின் நீளம் அரசாங்கப் புலப்படத்தில் கண்டவாறே, ஒரு விரற்கடை கூடாமலும் குறையாமலும், அறுபது முழம் இருந்தது. தம்பியின் பங்கும் அறுபதுதான். மறுநாட்காலை சேதுராக்கு வரப்பில் நின்று பார்த்தபோது தம்பியின் மோட்டார் அறை நேற்றைக்கு இன்று சற்றுக் கிட்டத்தில் நிற்பதாகத் தோன்றிற்று. பூரணவல்லி வந்து அளந்தாள். ஐம்பத்தொன்பது. கல் பெயரவில்லை, கல்லடியில் ஊற்றிய சிமென்ட் கீறலின்றி இறுகியிருந்தது, வரப்பின் அருகம்புல் மடங்கவுமில்லை. இடையில் இருந்த ஒரு முழ நிலம் மட்டும், தன்மேல் முளைத்திருந்த பசும்பயறோடு, இல்லாமல் போயிருந்தது.

“தாயி, நேத்து அறுவது. இன்னைக்கு அம்பத்தொம்பது. அந்த ஒரு மொழம் எந்திரிச்சு நடந்தா போச்சு?” என்றார் சேதுராக்கு.

“கல்லு அசையலையே பெரியப்பா.”

“கல்லு தானா அசையாது. அசைக்க ஆளிருக்கு, மோட்டார் ரூமுக்குள்ள படுத்துக் கெடக்கு. நீ இன்னொருக்கா அளந்து பாரு.”

அளந்தாள். ஐம்பத்தெட்டு.

சத்தம் கேட்டு மலையரசன் வெளியே வந்தார். “அவருக்குக் கொறஞ்சா எனக்குக் கூடியிருக்கணும்ல? என்னோடதையும் அளம்மா. ஒரு விரக்கடை கூடியிருந்தாலும் ஊர் பாக்க அண்ணன் கால்ல விழுறேன்” என்றார். அவருடையதையும் அளந்தாள். அதுவும் ஐம்பத்தொன்பது. ஒருவருக்குக் குறைந்தது மற்றவருக்குக் கூடவில்லை என்பதை அந்த ஊர் அன்று பகல் பத்து மணிக்கே அறிந்துகொண்டது. ஆனாலும் அதை ஒருவரும் நம்பவில்லை.

ஊர் வியந்து நிற்கவில்லை. வியந்து நிற்பதற்கு முன்னால் அவரவர் நிலத்தை அளந்து பார்த்துவிட வேண்டியிருந்தது. அளந்தவுடன் சரியாக இருந்த நிலம், சரியாகத்தான் இருக்கிறதா என்று மறுபடி அளந்தபோது ஒரு முழம் குறைந்தது. குறைந்ததே என்று மறுபடி அளந்தபோது இன்னொரு முழம் குறைந்தது. பக்கத்து நிலத்துக்காரர் அளக்கிறாரே, அவர் எதையோ கண்டுவிட்டார்போலும் என்று அளந்தபோது மற்றுமொரு முழம் குறைந்தது. இப்படியே ஆடியில் தொடங்கியது ஆவணிக்குள் வழக்கமாகி, வழக்கமானதும் ஊர் அதற்குள் தன்னைப் பொருத்திக்கொண்டது. பள்ளிக்கூடம் வீடுகளுக்கு அருகில் வந்துவிட்டதால் பிள்ளைகள் கால்மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். பேருந்து நடத்துநர் இரண்டு நிறுத்தங்களை ஒன்றாக்கினார். அடுத்தடுத்த கிணறுகளில் இறைத்தவர்களின் வாளிகள் ஒன்றையொன்று முட்டின. கீழத்தெருவில் ஒருவருக்கு விக்கல் எடுத்தால் எதிர்வீட்டுக்காரி தன் அடுப்படியில் இருந்தபடியே சன்னல் வழியாகத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். நீட்டிய கை எட்டியதே என்று அன்று இரு வீட்டாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் இரு வீட்டாரும் தனித்தனியே பூரணவல்லிக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவளுக்கு அது நல்ல காலமாகத்தான் இருந்தது. பிறர்க்குக் கருவி பிடித்தது போதும், சொந்தமாக ஒரு நிறுவனம் வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. வங்கி மேலாளர் தண்டபாணி, திட்ட அறிக்கை ஒன்று எழுதிக் கொண்டுவந்தால் கடனுக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே காலையில் அளப்பதும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேற்குச் சன்னலடியில் மேசை போட்டு அமர்ந்து எழுதுவதுமாக அவளுடைய நாள்கள் போயின. ‘எல்லைகளில் ஐயம் அறுப்பதே எமது நிறுவனத்தின் நோக்கம்’ என்று முதற்பகுதியில் எழுதினாள். ‘ஒருமுறை எம்மை அழைத்தவர் அனைவரும் மறுமுறையும் அழைக்கிறார்கள், வாடிக்கையாளர் ஒருவரையும் நாங்கள் இதுவரை இழந்ததில்லை’ என்று சந்தை பற்றிய பகுதியில் எழுதினாள். எழுதியது அத்தனையும் உண்மை.

அவள் வீடு ஊரின் மேற்குக் கடைசி. வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் இரண்டு வேம்பும் நின்ற, பத்திரப்படி பதினொரு சென்ட் கொல்லை. கொல்லைச் சுவருக்கு அப்பால் அடுத்தடுத்துப் பதினான்கு வயல்கள். வயல்களுக்கு அப்பால் சுடுகாடு. பூரணவல்லியின் தகப்பனார் அடைக்கலம் நாற்பதாண்டு லாரி ஓட்டி, நாக்பூர் வரை தனியே போய்த் திரும்பியவர், பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்து சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். முன்பெல்லாம் சுடுகாட்டில் எரிவது அவருக்கு வானத்தில் ஒரு சாம்பல் கோடாக மட்டுமே தெரியும். ஆவணியில் சங்கின் ஒலி கேட்டது. புரட்டாசியில் விறகு வெடிப்பது கேட்டது. ஒருநாள் நடுப்பகலில், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் கரண்டியைத் தள்ளிவிட்டு, “யாரோ ஒருத்தர் அங்க ‘மொகத்தை மூடுங்கப்பா’ன்னு சொல்றாக. பேச்சுக்கூடக் கேக்குது பூரணம்” என்றார்.

“காத்து இந்தப் பக்கம் அடிக்குதுப்பா.”

“காத்தா? நான் ரோட்டுல பொழைச்சவன் ஆத்தா. கண்ணாடியில ஒரு வண்டி பெருசாகிக்கிட்டே வந்தா அது காத்தில்ல. பின்னால வருதுன்னு அர்த்தம்.” பிறகு அவர் கோணிய வாயால் சிரித்தார். “அது மட்டும் நம்ம கொல்லைச் செவரத் தொட்டுச்சுன்னா, தூக்க நாலு பேரு வேணாம். நானே எந்திரிச்சு நடந்து போயிருவேன்.”

அவள் சிரிக்கவில்லை. மேற்கே பார்த்த வீடுகளில் ஒருவரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் எல்லாரும் துணி உலர்த்தும் கொடியைக் கிழக்குப் பக்கம் மாற்றிக் கட்டியிருந்தார்கள், தொட்டில்களைக் கிழக்கறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள், பேறுகாலத்துப் பெண்களை வேற்றூருக்கு அனுப்பியிருந்தார்கள். சுடுகாடு முதலில் தொடப்போகும் சுவர் யாருடையது என்பதும், அந்தச் சுவருக்கு உள்ளே கட்டிலில் கிடப்பவர் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். அடைக்கலத்தைப் பார்க்க வந்தவர்கள் வாசலோடு நின்று, “எப்படி இருக்காக?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலே போனார்கள்.

ஐப்பசியில் அவள் ஐந்தாண்டு முன்கணிப்பை எழுதினாள். வங்கிக்கு வளர்ச்சி தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் எத்தனை அளவைகள் நடக்கும் என்று பகுதி பகுதியாகக் கணக்கிட்டாள். மேற்கு வயல்களுக்கு, இதுவரை அளந்ததையும் சேர்த்து, முதலாண்டில் அறுபது. இரண்டாமாண்டில் நூற்றிருபது. மூன்றாமாண்டில் நூற்றெண்பது. பிறகு இருநூற்றிருபது. ஐந்தாமாண்டில் இருநூற்று அறுபது. கூட்டினாள்: எண்ணூற்று நாற்பது. சீரான வளர்ச்சி, எந்த மேலாளரும் மெச்சக்கூடிய வளர்ச்சி. கோடு போட்டு முடித்துவிட்டுத் தலைநிமிர்ந்தவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். வயல்கள் பதினான்கு. ஒவ்வொன்றும் ஆதியில் அறுபது முழம். ஓர் அளவைக்கு ஒரு முழம்.

அவள் பெருக்கிப் பார்க்கவில்லை. பெருக்கத் தேவையிருக்கவில்லை, விடை தாளின் அடியில், அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. கட்டிலில் தகப்பனார் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். வயல்களுக்கு அப்பால் புதிதாக மூட்டிய தீயின் மணம் அறைக்குள் வந்து, அழைக்காமல் வந்த உறவினர்போலச் சுவரோரம் நின்றது.

அன்றே அவள் வீடு வீடாகப் போனாள். இனி அளக்க வேண்டாம், அளப்பதால்தான் குறைகிறது, நான் கருவியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன் என்று சொன்னாள். சேதுராக்கு வெற்றிலையை மென்றபடி முழுவதையும் கேட்டார்.

“நீ சொல்றது சரிதான் தாயி. அளந்தா கொறையுது. யாரு இல்லேன்னா?”

“அப்ப விட்டுருங்க பெரியப்பா.”

“விட்டுர்றேன். தம்பி விட்டுட்டானான்னு கேட்டியா?”

“உங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னாக.”

“பாத்தியா? அவன் அளந்து வச்சுக்கிட்டு என்னை விடச் சொல்றான். நீ யாருக்குப் பேச வந்தேன்னு எனக்குத் தெரியாதா? மூத்தவன் இளிச்சவாயனா?”

நாற்பத்திரண்டு வீடுகளிலும் அவளுக்குக் கிடைத்தது இதே விடை. தான் நிறுத்துவதற்கு ஒவ்வொருவரும் ஆயத்தமாகவே இருந்தார்கள். பக்கத்துக்காரர் நிறுத்திவிட்டார் என்பதை அளந்து உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வீடு திரும்பி, அறிக்கையின் இறுதிப் பகுதியை எழுதினாள். அதற்கு ‘இடர்கள்’ என்று தலைப்பு. நடந்ததை நடந்தபடி எழுதி, ‘ஐந்தாம் ஆண்டின் முடிவில் கூத்தன்வயலில் அளப்பதற்கு நிலம் இராது’ என்று முடித்தாள். பிறகு அதை இன்னாசிமுத்துவின் ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்து, சுருள்கம்பி போட்டு வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனாள். ஏன் போனாள் என்றால், ஒன்பதாண்டு ஆசையைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லும் துணிவு அவளுக்கு இன்னும் வரவில்லை. படித்துப் பார்க்கும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று விரும்பினாள்.

தண்டபாணி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “பிரமாதம். இந்த மாவட்டத்துல இப்படி ஒரு டிமாண்ட் உள்ள தொழிலை நான் பார்த்ததில்லைம்மா.”

“சார், கடைசிப் பகுதியைப் படிச்சீங்களா?”

“படிச்சேனே. அழகா எழுதியிருக்கீங்க. பொதுவா இடர்கள்னா மழை, போட்டின்னு ஒப்புக்கு எழுதுவாங்க.”

“அஞ்சாவது வருஷம் ஊரே இருக்காதுன்னு எழுதியிருக்கேன் சார்.”

“அதுக்கென்ன, பக்கத்து ஊருக்குப் போங்க. விரிவாக்கத் திட்டம்னு ஒரு பத்தி சேர்த்துக்குடுங்க.” அவர் ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். “அப்புறம் ஈடு. உங்க வீடும் கொல்லையும் போதும். நாளைக்கு நம்ம ஆள் வந்து ஒரு தடவை அளந்துட்டுப் போயிருவார். வெறும் சம்பிரதாயம்.”

பூரணவல்லி அந்தப் படிவத்தைப் பார்த்தாள். ‘கொல்லையின் நீளம், அகலம்’ என்று அச்சிட்டு, எதிரே இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவள், தன் கொல்லையை இதுநாள்வரை அளந்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டங்கள் இரண்டும், முகம் மூடக் காத்திருக்கும் துணிபோல அவளுக்குத் தெரிந்தன. அவள் எழுந்து, மேசைமேலிருந்த தன் அறிக்கையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“வேண்டாம் சார்.”

“எது வேண்டாம்?”

“எதுவுமே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, நேரே நடந்து வீட்டுக்கு வந்து, அறிக்கையை அடுப்பில் வைத்தாள். சுருள்கம்பி மட்டும் எரியவில்லை.

அத்துடன் அது முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். ஆனால் கார்த்திகை பிறந்த முதல் வாரத்தில் கடைவீதியில் ஒரு பலகை தொங்கிற்று, மறுவாரம் மூன்று, மாதக் கடைசியில் பதினொன்று. பதினொன்றும் நில அளவை நிறுவனங்கள். ஒன்றின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் அவள் தன் வாக்கியத்தைப் படித்தாள்: ‘எல்லைகளில் ஐயம் அறுப்பதே எமது நிறுவனத்தின் நோக்கம்.’ அவள் நேரே இன்னாசிமுத்துவின் கடைக்குப் போனாள்.

“என்னக்கா பண்றது,” என்றான் அவன், கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல். “மேனேஜரே ரெண்டு பேரை அனுப்புனாரு. பூரணவல்லி ரிப்போர்ட் மாதிரி வேணும்னு கேட்டாக. இங்கதான இருந்துச்சு. பேரை மட்டும் மாத்துனேன்.”

“கடைசிப் பகுதி?”

“எது, அந்த இடர்களா? அதை எடுத்துட்டேன்க்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரி இடர்னா பேங்குல சந்தேகம் வரும்ல? ஒரு பக்கமும் மிச்சம்.” பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அதை நான் படிச்சேன்க்கா. படிச்சதுலேருந்து நான் எங்க வீட்டுல மேக்கால இருக்குற சன்னலைத் தெறக்குறதே இல்ல.”

ஐந்து ஆண்டுகளுக்கென்று அவள் கணித்தது ஐந்து மாதத்தில் நடந்து முடிந்தது. பதினொரு நிறுவனத்தாரும் ஒருவர் அளந்ததை மற்றவர் சரிபார்த்தார்கள். சரிபார்த்ததை மூன்றாமவர் மறுத்தார். ஊரெங்கும் நாடா சுருளும் ஒலி, காய்ந்த இலைக்குள் பாம்பு ஓடுவதுபோலக் கேட்டபடி இருந்தது. தையில் அறுக்கும் அளவுக்கு வயலில்லை. மாசியில் சேதுராக்குவும் மலையரசனும் ஊன்றிய எல்லைக்கற்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க, அவற்றுக்கு இருபுறமும் அவர்களுடையது என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. தெருக்களில் எதிரெதிர்ச் சுவர்கள் நெருங்கி வந்து கதவுகள் திறக்க மறுத்தன. பதினான்கு வயல்களும் ஒவ்வொன்றாக மடிந்து மறைந்தபின், பங்குனியில் ஒரு நண்பகலில், பூரணவல்லியின் கொல்லைச் சுவருக்கு மறுபக்கம் சுடுகாடு வந்து நின்றது. சுவர்மேல் சாம்பல் உதிர்ந்தது. தகப்பனாரின் கண்கள் திறந்திருந்தன. அவருடைய வலக்கால் கட்டிலுக்கு வெளியே, தரையைத் தேடுவதுபோலத் தொங்கியது.

“வந்துருச்சா?” என்றார்.

“கொல்லை இருக்குப்பா. கொல்லை அப்படியே இருக்கு” என்று அந்தக் காலை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அவளைக் கேட்காமல் மூன்று நிறுவனத்தார் அதை அளக்க வந்து, மூன்று முறையும் அவள் வாசலில் அரிவாளோடு நின்றதால் திரும்பிப் போயிருந்தார்கள். ஊரில் அளக்கப்படாத நிலம் அது ஒன்றுதான்.

ஆகவே ஊர் அங்கே வந்தது. முதலில் கீழத்தெருக்காரர்கள் சன்னல் வழியாகத் தொட்டிலை வெளியே கொடுத்து, பின்னாலேயே தாங்களும் இறங்கினார்கள், அடுத்துக் கடைவீதிக்காரர்கள், பின்பு பதினொரு நிறுவனத்தாரும் தத்தம் கருவிகளோடு வந்தார்கள். தண்டபாணி காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பூரணவல்லி ஒருவரையும் தடுக்கவில்லை. தகப்பனாரின் கட்டிலை நால்வர் தூக்கிவந்து முருங்கையடியில் வைத்தார்கள். பதினொரு சென்ட் கொல்லைக்குள் கூத்தன்வயல் முழுவதும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. சுவருக்கு அப்பால் தீ சடசடத்தது. அப்போது சேதுராக்கு பின்னாலிருந்து, மிகவும் பணிவாக, எல்லாருடைய நன்மைக்கும் சொல்பவரைப்போலச் சொன்னார்:

“ஆளுக்கு எவ்வளவு எடம் வருதுன்னு ஒருக்கா அளந்துட்டா, சண்டை சச்சரவு இல்லாம நிக்கலாம்ல?”

எங்கோ ஒரு நாடா உறையிலிருந்து நாக்கை நீட்டும் ஒலி கேட்டது. பூரணவல்லி கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால், கட்டிலில் கிடந்தவர் தன் வலக்கையால் அந்த நாடாவின் நுனியைப் பற்றியிருந்தார். நாடாவை வைத்திருந்தது மலையரசன்.

“விடுங்கண்ணே. எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்க வேணாமா?” என்றார் மலையரசன்.

“வேணாம்யா,” என்றார் அடைக்கலம். “தெரியாமயே இருந்துட்டுப் போவோம்.”

நாடாவின் நுனி அவர் விரல்களை அறுத்து இரத்தம் வந்தது. அவர் விடவில்லை. நெடுநேரம் கழித்து மலையரசன் தன் முனையை விட்டார்.

அது நடந்து மூன்று பங்குனிகள் கடந்துவிட்டன. கொல்லை இன்னும் இருக்கிறது, அடைக்கலமும் இருக்கிறார். எத்தனை பேர், எவ்வளவு இடம் என்று எவருக்கும் தெரியாது. பூக்காரி முழம் போடாமல் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கிறாள். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு துணி வெட்டுகிறார். பிள்ளைகள் தங்கள் உயரத்தை வேப்பமரத்தில் கீறிப் பார்த்தால் தாய்மார்கள் பதறி ஓடுகிறார்கள். ஆனாலும் சுவருக்கு அப்பால் தீ உயரும் சில பகல்களில், யாராவது ஒருவருடைய முழங்கை, அவர் அறியாமலே தரையை நோக்கித் தாழ்ந்து, விரல்கள் நீளத் தொடங்கும். அப்போது பக்கத்தில் நிற்பவர், அவர் பகையாளியாக இருந்தாலும், அந்தக் கையைப் பற்றி, அது நடுங்கி அடங்கும்வரை பிடித்துக்கொள்கிறார். அதிகமாகப் பிடிக்க வேண்டியிருப்பது பூரணவல்லியின் கையைத்தான்.